தெருவில் தார் போடுகிறார்கள், வாசல் பத்திரம்

மனு கொடுத்து, அலைந்து, கடைசியில் ஒருவழியாகத் தெருவுக்குத் தார் ரோடு வரும். வந்த மறுநாளே போர்டிகோவில் கறுப்பாய் இரண்டு டயர் தடம் விழுந்திருக்கும். கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் கல்லுக்குப் பஞ்சமில்லை. சாதாரண வீட்டிலும் கார் நிற்கிற இடத்தில் கிரானைட்டோ பார்க்கிங் டைல்ஸோ பேவர் பிளாக்கோ போட்டிருப்பார்கள். சதுர அடிக்கு எவ்வளவு என்று பேரம் பேசிப் போட்ட தரை அது. அதில் ஊறிய தார்க் கறை, தெரு ரோடு வெளுத்துக் குழி விழுந்த பிறகும் அப்படியே கிடக்கும்.

கார் டயர் ஒருமுறை முழுதாகச் சுற்றினால் எவ்வளவு தூரம் போகும் என்று முதலில் பாருங்கள். 145/80 ஆர்12 அளவுள்ள சின்ன கார் டயருக்கு ஏறக்குறைய 1.7 மீட்டர். 165/80 ஆர்14 என்றால் 1.95 மீட்டர். டயரில் எந்த இடத்தில் தார் ஒட்டியிருந்தாலும் அந்த இடம் இரண்டு மீட்டருக்குள் ஒருமுறை தரையைத் தொட்டே தீரும். முதல் சுற்றில் விழுவது கெட்டியான கட்டி, இரண்டாம் சுற்றில் விழுவது மெல்லிய அச்சு. இரண்டு சுற்றுக்கு நான்கு மீட்டர். கேட்டுக்கு வெளியிலோ உள்ளேயோ அந்த நான்கு மீட்டரில் டயர் எதன்மேல் உருள்கிறது என்பதுதான் முக்கால்வாசி விஷயம்.

தார் எப்போது ஒட்டும்

நாம் தார் என்று சொல்வது பெட்ரோலியச் சுத்திகரிப்பில் அடியில் தங்குகிற பிட்டுமன். ரோட்டு வேலைக்கு அதிகம் வாங்குவது விஜி-30 என்ற ரகம். அந்த ரகத்தின் இளகுநிலை குறைந்தது 47 டிகிரி இருக்க வேண்டும் என்பது தர விதி. விரிக்கும்போது கலவை 140 டிகிரிக்குக் குறையக் கூடாது, 90 டிகிரிக்கு இறங்குவதற்குள் ரோலர் ஓட்டி முடிக்க வேண்டும். வெப்பம் சுற்றுப்புற அளவுக்கு இறங்கிய பிறகே வண்டி விட வேண்டும்.

இதிலிருந்து பலர் எடுக்கிற முடிவு, ராத்திரி ஆறிவிட்டால் ரோடு காய்ந்துவிட்டது என்பது. சிமென்ட் போலத் தார் ஒருமுறை இறுகினால் இறுகியதுதான் என்று கிடையாது. சித்திரை வெயிலில் கறுப்பு ரோட்டின் மேற்பரப்பு 60 டிகிரியைத் தாண்டும், இளகுநிலையோ 47. அதனால் புது ரோடு தினமும் மத்தியானம் கொஞ்சம் இளகி, ராத்திரி மறுபடி இறுகும். ஜல்லியின் தலையில் இருக்கிற தார்ப் படலம் வண்டி ஓடி ஓடித் தேய்ந்து, மேலே தூசி படிந்து மங்கும்வரை இந்தக் கூத்து நடக்கும். போட்ட அன்று ஜாக்கிரதையாக இருந்துவிட்டு, மூன்றாம் நாள் மத்தியானம் இரண்டு மணிக்குக் காரை உள்ளே விட்டுக் கறை வாங்குகிறவர்கள்தான் அதிகம். தர்மபுரியில் வெயில் காலத்தில் போட்ட ரோடு என்றால் இரண்டு வாரத்துக்குப் பகல் 11 முதல் 5 வரை சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். ஓசூர் மேட்டில் வெயில் சற்றுக் குறைவு, அங்கே ஒரு வாரம் போதும். சாயங்காலம் ஆறு மணிக்கு வெயில் இறங்கினாலும் ரோடு சூட்டை விடாது. விடியற்காலை முதல் ஒன்பது மணி வரைதான் நம்பகமான நேரம்.

கலவை வருவதற்கு முன்பே இன்னொரு ஆபத்து வரும். பழைய ரோட்டைக் கூட்டிச் சுத்தம் செய்து, புது அடுக்கு பிடித்துக்கொள்ள எமல்ஷன், அதாவது தண்ணீரில் நுண்துளிகளாகக் கலந்த தார், தெளிப்பார்கள். பழைய தார் ரோட்டின்மேல் சதுர மீட்டருக்குக் கால் கிலோ அளவுதான், ஆனால் பாலைப்போல மெலிதாக இருப்பதால் காற்றில் பறக்கும். தெளித்த புதிதில் பழுப்பாக இருக்கும். தண்ணீர் பிரிந்ததும் கறுப்பாக மாறும். இந்த நிறத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பழுப்பாக இருக்கும்வரை பக்கெட் தண்ணீரும் பிரஷ்ஷும் போதும், கழுவினால் போய்விடும். கறுத்துவிட்டால் தண்ணீருக்கு மசியாது. நல்ல வெயிலில் இந்த மாற்றம் சில நிமிஷத்திலேயே நடந்துவிடும். ஆடிக் காற்று அடிக்கிற நாளில் தெளிக்கிறார்கள் என்றால் கேட், காம்பவுண்டு சுவரின் கீழ்ப்பகுதி, படிக்கட்டு மூன்றையும் தார்ப்பாயால் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்துக்கு மூடிவிடுவது நல்லது.

வீடு ரோட்டை விடத் தாழ்ந்திருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். எமல்ஷன் கறுப்பதற்குள் கோடை மழை பிடித்துக்கொண்டால் அந்தப் பழுப்புத் தண்ணீர் அப்படியே சாய்தளத்தில் இறங்கி உள்ளே ஓடிவரும். கேட்டுக்குக் குறுக்கே மணல் மூட்டை நாலைந்தை வரிசையாகப் போட்டு வைத்தால் தடுத்துவிடலாம். வீடு ஏன் தாழ்ந்தது என்பது தனிக் கதை. பழைய ரோட்டைச் சுரண்டாமல் அடுக்கின்மேல் அடுக்காகப் போட்டதால் வந்த வினை. சுரண்டிய பிறகே போட வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டுத் தலைமைச் செயலாளர் உத்தரவே போட்டிருக்கிறார். வேலை தொடங்குகிற அன்று அதைக் கேட்பதில் தப்பில்லை, போட்டு முடித்த பிறகு கேட்டுப் பயனில்லை.

முந்தின நாள் செய்ய வேண்டியது

காரை முந்தின நாள் சாயங்காலமே வெளியே எடுத்து, தார் போடாத தெருவில் நிறுத்துங்கள். தண்ணீர் டேங்கர் டிராக்டருக்கும் சிலிண்டர் வண்டிக்கும் போன் செய்து இரண்டு நாள் தள்ளி வரச் சொல்லுங்கள். டிராக்டர் பின்சக்கரம் ஒரு சுற்றுக்கே நான்கு மீட்டர் போகும், அதன் பட்டைகளில் அள்ளி வருகிற தாரை எந்தச் சாக்கும் தாங்காது.

வாசலைக் கூட்ட வேண்டாம். தார் எதில் நன்றாக ஒட்டும் என்று ரோட்டு ஆட்களைப் பார்த்தாலே தெரியும்: கம்ப்ரஸர் வைத்துத் தூசியை ஊதித் தள்ளுகிறார்கள், ஈரம் காயக் காத்திருக்கிறார்கள். சுத்தமான, காய்ந்த, சொரசொரப்பான, சூடான பரப்புதான் அவர்களுக்கு வேண்டும். நமக்கு அதற்கு நேர் எதிர். தரையில் தூசி இருக்கட்டும். சிமென்ட் தரையாக இருந்தால் சாணி கரைத்து மெழுகி விடலாம், காய்ந்த அந்தப் படலம் தாருக்கும் சிமென்ட்டுக்கும் நடுவே நிற்கும், பிறகு கழுவினால் போய்விடும். கிரானைட்டிலும் வெளிர் டைல்ஸிலும் சாணி வேண்டாம், இடுக்கில் மஞ்சள் தங்கும்.

அடுத்தது கிரஷர் டஸ்ட், அதாவது கல் உடைக்கும்போது விழுகிற கல்பொடி. நம் பக்கத்தில் இதற்கு அலைய வேண்டியதில்லை, கட்டட வேலை நடக்கிற எந்த வீட்டிலும் ஒரு குவியல் இருக்கும். கேட்டுக்கு முன்னால், வண்டி திரும்புகிற 3 மீட்டருக்கு 3 மீட்டர் பரப்பில் புது ரோட்டின்மேல் 3 மி.மீ. கனத்துக்குத் தூவ வேண்டும். கணக்குப் போட்டால் ஏறக்குறைய 40 கிலோ, இரும்புச் சட்டியில் மூன்று சட்டி. ரோலர் கடைசியாக ஓடி முடிந்து, கை வைத்தால் சுடாத அளவுக்கு ஆறிய பிறகு தூவுங்கள். அதற்கு முன் தூவினால் ரோலரிலேயே ஒட்டி அவர்கள் வேலையும் கெடும், திட்டும் விழும். மேஸ்திரியிடம் முன்கூட்டியே சொன்னால் அவரே கடைசியில் நாலு மம்முட்டி போட்டுத் தருவார். 3 மி.மீட்டருக்கு மேல் போனால் டூவீலர் சறுக்கும். எம்-சாண்டும் ஆகும். நைசான ஆற்று மணல் காற்றில் போய்விடும்.

இனி அந்த நான்கு மீட்டர். சக்கரம் போகிற இரண்டு தடத்துக்கும் தனித்தனியாக 60 செ.மீ. அகலம், 4 மீட்டர் நீளத்துக்கு விரிப்பு வேண்டும். வெறும் பாலிதீன் ஷீட்டைப் போடுவதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. தார் ஒட்டிய டயர் ஷீட்டைக் கவ்விச் சுருட்டிக்கொண்டு போய் மட்கார்டுக்குள் திணிக்கும், அடியில் தரை திறந்து கிடக்கும். அட்டைப்பெட்டி காய்ந்திருக்கும்வரை தாங்கும், நனைந்தால் கூழ். பிளைவுட் நல்ல விரிப்புதான், டூவீலருக்கு மட்டும் வழுக்கும்.

சரியாக வருவது இரண்டு அடுக்கு: அடியில் தார்ப்பாய், மேலே பிரித்த சணல் சாக்கு அல்லது பழைய கார்ப்பெட். அடி அடுக்கு, சாக்கின் வழியாகக் கசிகிற எண்ணெய்ப் பசையைத் தடுக்கும். மேல் அடுக்கு தாரைத் துடைத்து வாங்கிக்கொள்ளும். சாக்கின்மேல் ஒரு கை டஸ்ட் தூவினால் டயர் சாக்கைக் கவ்வாது. தெருவைப் பார்த்த முனைதான் முதலில் கிளம்பும். அதை ஒரு ரீப்பர் கட்டையில் ஆணியடித்து, கட்டையின்மேல் டஸ்ட் குவித்துச் சாய்வாக்கிவிட்டால் டயர் ஏறிப் போகும். பக்கவாட்டில் கேட் தூணோடு கயிறு கட்டலாம். செங்கல்லைப் பாரமாக வைக்க வேண்டாம், காருக்கு அடியில் போய் இடிக்கும்.

டயரை நனைத்துக்கொண்டு வந்தாலும் உதவும். ரோலர் உருளையில் தண்ணீர் சொட்டுவதும் தார் ஒட்டாமல் இருக்கத்தான். கேட்டுக்கு முன் நிறுத்தி, ஒரு பக்கெட் தண்ணீரில் ஒரு மூடி ஷாம்பு கரைத்து நான்கு டயரிலும் ஊற்றலாம். சிலர் டீசல் தடவச் சொல்வார்கள். டீசல் தாரைக் கரைக்கும், கரைந்த தார் சொட்டுச் சொட்டாகத் தரையில் இறங்கும். டயர் ரப்பருக்கும் ஆகாது.

ஓட்டுகிறவர் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பக் கூடாது. அப்படித் திருப்பினால் முன்சக்கரம் அதே இடத்தில் அரைத்து, ஜல்லியோடு தாரைப் பெயர்த்து எடுத்துக்கொள்ளும். ரோட்டிலும் குழி, டயரிலும் கட்டி. உருண்டுகொண்டே அகலமாகத் திரும்புங்கள். தெரு குறுகல் என்றால் முதல் வாரம் வெளியிலேயே நிறுத்திக்கொள்வது மேல்.

செருப்பும் சைக்கிளும் சின்ன விஷயம். செருப்பைக் கேட்டிலேயே விடச் சொல்லி, காலுக்கு ஒரு ஈரச் சாக்கு போட்டால் தீர்ந்தது. மாட்டுக் குளம்பில் வருவதுதான் யாரும் எதிர்பார்க்காதது, கேட்டைச் சாத்தி வையுங்கள்.

ரோடு போட்டு ஒரு வாரத்துக்கு ஓரத்தில் உதிரி ஜல்லி கிடக்கும். தார் பூசிய அந்தப் பொடிக்கற்கள் டயர் இடுக்கில் மாட்டிக்கொண்டு வந்து கார் நிற்கிற இடத்தில் நசுங்கும். தினமும் காலையில், வெயில் ஏறுவதற்குள், கேட்டிலிருந்து ரோட்டுப் பக்கமாகக் கூட்டித் தள்ளுங்கள். குடிநீர்க் குழாய்க்கு வெட்டிய பள்ளத்தைக் கையால் மூடிப் போடுகிற ஒட்டுத் தாரிலும் இதே கவனம் வேண்டும். அதில் பெரும்பாலும் தார் கூடுதலாக விழுந்திருக்கும், ரோலரும் சரியாக ஏறியிருக்காது. முழு ரோட்டை விட அது மோசமாக ஒட்டும்.

கறை ஊறாமல் இருக்கத் தரையில் பூசுகிற சீலர் அடித்தால் போதுமா என்று கேட்பவர்களுக்கு: தண்ணீரைத் தடுக்கிற சிலேன், சைலாக்சேன் வகை சீலர்கள் எண்ணெயைத் தடுப்பதில்லை, தாரையும் தடுக்காது. எண்ணெயையும் விரட்டும் என்று டப்பாவில் தெளிவாகப் போட்டிருக்கிற வகைதான் வாங்க வேண்டும். பளபளவென்று படலம் போடுகிற அக்ரிலிக் சீலர் தாரை உள்ளே விடாதுதான், ஆனால் பிறகு தின்னர் வைத்துத் துடைத்தால் சீலரும் சேர்ந்து உரியும். புது கான்கிரீட் என்றால் 28 நாளாவது ஆகி, நன்றாகக் காய்ந்த பிறகே எந்த சீலரும்.

விழுந்துவிட்டால்

முதல் விதி, சூடாக இருக்கும்போது தொடாதீர்கள். துணியால் தேய்த்தால் ரூபாய்க் காசு அளவுக் கறை தோசை அளவுக்கு விரியும். கைக்கு எட்டுகிற இடத்தில் கோலமாவு இருக்குமே, கல்மாவுதான், அரிசி மாவு வேண்டாம், ஒரு பிடி எடுத்து அதன்மேல் தூவுங்கள். ஒட்டும் தன்மை அடங்கும், அடுத்தவர் காலில் ஒட்டிப் பரவாது.

பிறகு குளிர வைக்க வேண்டும். பாலிதீன் பையில் ஐஸ் கட்டி போட்டு கறையின்மேல் பத்து நிமிஷம் வைத்தால் தார் கண்ணாடிபோல நொறுங்கும். பட்டி பிளேடைச் சாய்த்துப் பிடித்து ஓரத்திலிருந்து தட்டினால் கட்டி கட்டியாகத் தெறித்து வரும். நெருப்புக் காட்டிய சொரசொரப்புக் கிரானைட்டுக்கு இரும்பு பிளேடு ஆகும். பாலிஷ் கிரானைட், டைல்ஸ், கடப்பாக்கல் என்றால் பிளாஸ்டிக் பிளேடோ மரத்துண்டோதான். கெட்டியான தாரில் பெரும்பகுதி இந்த ஒரு வேலையிலேயே போய்விடும். பொறுமையில்லாமல் நேராக டர்பன்டைன் ஊற்றுகிறவர்கள் அந்தக் கட்டியைக் கரைத்துத் தரைக்குள் அனுப்புகிறார்கள். கெட்டியாக மேலே உட்கார்ந்திருப்பது கட்டி, கரைந்து உள்ளே போவதுதான் கறை.

மீதி இருக்கிற பழுப்புப் படலத்துக்குத்தான் டர்பன்டைன். தரையில் ஊற்றாமல் வெள்ளைத் துணியில் நனைத்து, வெளி ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் துடைக்க வேண்டும். துணியின் ஒரு பக்கம் கறுத்ததும் அடுத்த பக்கம் மாற்றுங்கள். கறுத்த துணியாலேயே துடைத்தால் எடுத்ததைத் திரும்பப் பூசுகிறீர்கள். போர்டிகோ முழுக்கத் தடம் விழுந்தாலும் அரை லிட்டருக்கு மேல் தேவைப்படாது. முடிந்த கையோடு பாத்திரம் கழுவும் சோப்புக் கரைசலை வெதுவெதுப்பாக ஊற்றி பிரஷ் போட்டு, அந்தத் தண்ணீரை டஸ்டில் உறிஞ்ச வைத்து அள்ளுங்கள். சாக்கடையிலோ செடியிலோ விட வேண்டாம்.

அதற்குப் பிறகும் நிழல்போல ஒரு கறை தெரிந்தால் பத்துப் போட வேண்டும். உள்ளங்கை அகலக் கறைக்கு 200 கிராம் சாக் பவுடர், பெயின்டர்கள் பட்டி கலக்க வாங்குகிற வைட்டிங்தான், அதில் டர்பன்டைனைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு வடை மாவு பதத்துக்குப் பிசையுங்கள். 100 மில்லி பிடிக்கலாம். கறையைத் தாண்டி எல்லாப் பக்கமும் 2 செ.மீ. வருகிற மாதிரி, அரை விரல் கனத்துக்கு அப்பி, பாலிதீனால் மூடி, ஓரத்தை டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். மறுநாள் பாலிதீனை எடுத்துவிட்டு முழுதாகக் காயவிட வேண்டும். காய்கிறபோதுதான் கறை மேலே ஏறிப் பொடிக்குள் வரும். ஈரத்தோடு வழித்துவிட்டால் வேலை பாதியில் நின்றுபோகும். பழைய கறைக்கு இரண்டு மூன்று தடவை ஆகும்.

இந்த வேலை நடக்கும்போது வாசலில் விளக்கு ஏற்ற வேண்டாம். டர்பன்டைன் ஆவி தரையோடு தவழும், நிலைப்படி அகல் விளக்கு அதற்குத் தூரமில்லை. நனைந்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடாமல் வெளியில் விரித்துக் காயவிட்டுப் பிறகு வீசுங்கள். பெட்ரோல் வேண்டவே வேண்டாம், தீ அபாயம் ஒன்று, டர்பன்டைனை விட வேகமாகப் பரவிக் கறையை விரிப்பது இன்னொன்று.

ஆசிட் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் முக்கால்வாசி வீடுகளில் முதலில் எடுப்பது பாத்ரூம் ஆசிட் பாட்டிலைத்தான். ஆசிட் தாரைத் தொடாது. தாரைச் சுற்றியிருக்கிற சிமென்ட்டைத் தின்னும், டைல்ஸ் இடுக்கை அரிக்கும், கடப்பாக்கல் சுண்ணாம்புக்கல் ஆதலால் அதில் நுரைத்து வெள்ளைத் தழும்பு விழும். கறை அப்படியே இருக்க, சுற்றிலும் தரை கெட்டுப்போகும். பிளீச்சிங் பவுடரும் வீண்தான். பிரஷர் வாஷர் குளிர்ந்த தண்ணீரில் தாரைக் கரைக்காது, பேவர் பிளாக் இடுக்கு மணலை மட்டும் வாரி எறியும்.

பேவர் பிளாக்குக்கு இத்தனை பாடு தேவையுமில்லை. கறை பட்ட கல்லைப் பெயர்த்து மாற்றிவிடலாம். முதல் கல்தான் கஷ்டம்: சுற்றியுள்ள இடுக்கு மணலைக் கம்பியால் கிளறி எடுத்து, இரண்டு பக்கமும் தட்டை ஸ்க்ரூடிரைவர் விட்டு மாற்றி மாற்றி நெம்பினால் ஏறி வரும். அடுத்ததெல்லாம் கையோடு வரும். அடி மணலைச் சமன் செய்து, பக்கத்துக் கல்லை விட ஒரு நூல் உயரமாக வைத்து, மரக்கட்டை வைத்துத் தட்டி இறக்கி, இடுக்கில் காய்ந்த நைஸ் மணலைக் கூட்டிவிட்டால் முடிந்தது. நிறம் மேல் அடுக்கில் மட்டும் இருக்கிற கல்லைத் திருப்பிப் போட்டால் சாம்பல் நிற அடிப்பக்கம்தான் தெரியும். அதனால் போடும்போதே பத்துப் பதினைந்து கல் கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கேட்டில் தெறித்த தாருக்குத் தின்னர் போட்டால் எனாமல் பெயின்ட்டும் வந்துவிடும். அங்கே கடலை எண்ணெயோ தேங்காய் எண்ணெயோ தடவி கால் மணி நேரம் ஊறவிட்டுத் துடைத்து, சோப்பு போட்டால் போதும். கார் பெயின்ட்டுக்கும் கை காலுக்கும் இதுவேதான். டயரின் ஓடுபரப்பில் மட்டும் எண்ணெய் தடவாதீர்கள், பிரேக் பிடிக்காது. அதில் மாட்டிய கற்களைக் குச்சியால் நோண்டி எடுத்துவிட்டு மண் ரோட்டில் ஒரு சுற்று ஓட்டி வந்தாலே போகும்.

சுவரில் பட்டது வேறு தொல்லை. சுரண்டிவிட்டு வெள்ளை எமல்ஷன் பெயின்ட் அடித்தால் நாலு நாளில் பழுப்பாகக் கசிந்து மேலே வரும், எத்தனை கோட் அடித்தாலும் வரும். அந்த இடத்தில் அலுமினியம் பெயின்ட் ஒரு கை அடித்துக் காயவிட்டு, அதன்மேல் பிரைமர், பிறகு வெள்ளை.